காவலன் குரலும் கள்வன் குரலும்

வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் கணிப்பொறி இன்று ஆடம்பரப் பொருள் அன்று. வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், ஊருக்குச் செல்ல ரயிலில் இடம் பதிவு செய்வதும், குழந்தைகளின் பாடமும், ஊரிலுள்ள முதியோரின் முகம் கண்டு பேசுவதும் அதன் வழியே நடைபெறுகின்றன. அத்தகைய யந்திரத்தின் திரையில் திடீரென்று "அபாயம் கண்டறியப்பட்டது" என்றோர் அறிவிப்பு தோன்றினால் மனம் பதைப்பது இயல்பே. அப்பதைப்பில் சிலர் அதனைப் படியாமலே மூடிவிடுகின்றனர். வேறு சிலர் கண்ணிற் பட்ட பொத்தானையெல்லாம் அழுத்துகின்றனர். இரண்டும் தகா. முதற்கண் அறிய வேண்டுவது, பேசும் குரல் காவலனுடையதா, கள்வனுடையதா என்பதே.

கள்வன் குரலை அறிவது அத்துணைக் கடினம் அன்று. இணையத்தில் ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை முழுவதும் சிவந்து, அபாயச் சங்கு போன்ற ஓசை எழும். "உடனே இந்த எண்ணை அழையுங்கள், கணிப்பொறியை அணைக்காதீர்கள்" என்ற எச்சரிக்கை தோன்றும். அஃது உலாவியினுள் வரையப்பட்ட வெறும் படம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இடம்பெறுவதே இல்லை. எண் இருந்தால் அது பொய் என்று துணிந்துவிடலாம். எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் திரை சுருங்கிவிடும். இல்லையேல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தி, தோன்றும் பட்டியலில் உலாவியை முடித்துவிடலாம். மறுபடி திறக்கும்போது "பழைய பக்கங்களை மீட்கவா?" என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்க.

அந்த எண்ணை அழைப்போருக்கு நேர்வது யாது? மறுமுனையில் இருப்பவர் மரியாதையாகப் பேசி, தொலைவிலிருந்து யந்திரத்தை இயக்கும் நிரல் ஒன்றை நிறுவச் சொல்வார். நிறுவிய கணமே வீட்டின் சாவி அவர் கைக்குப் போய்விடுகிறது. இத்தகைய மோசடி நிலையங்கள் நம் நாட்டிலேயே இயங்கிவந்தன. 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் 76 இடங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்ட், அமேசான் ஆகியவற்றின் உதவியாளர்போல் நடித்து வெளிநாட்டாரை ஏமாற்றியோர்மீது தொடுத்த வழக்குகளும் அதில் அடங்கும். உள்நாட்டாருக்கும் இவ்வலை விரிக்கப்படுகிறது. நன்கு பழகாத மொழியில் ஒருவர் வேகமாகப் பேசினால், புரியாவிடினும் "ஆம், ஆம்" என்று சொல்லித் தப்பிக்கும் வழக்கம் நம்மிற் சிலருக்கு உண்டு. காய்கறிக் கடையில் அதனால் பெருங்கேடு விளையாது, இங்கே விளையும்.

திரையின் கீழ்மூலையில் அடிக்கடி முளைக்கும் "உங்கள் பாதுகாப்பு காலாவதியாகிவிட்டது" என்ற சிறு கட்டங்களும் பெரும்பாலும் இவ்வினத்தனவே. என்றோ ஒரு தளம் "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று கேட்டபோது நாம் இசைந்திருப்போம். உலாவியின் அமைப்புகளில் அறிவிப்புப் பகுதிக்குச் சென்று அவ்விசைவை நீக்கினால் தொல்லை ஒழியும்.

இனிக் காவலனுக்கு வருவோம். விண்டோஸ் கணிப்பொறிகளில் டிஃபெண்டர் என்னும் காவல் நிரல் உடன் அமைந்தே வருகிறது. ஐயம் எழும்போது திரையிலுள்ள கட்டத்தை நம்பாமல், தொடக்கப் பட்டியலிலிருந்து விண்டோஸ் செக்யூரிட்டி என்பதை நாமே திறந்து, அதில் புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி என்ற பகுதியைப் பார்க்க வேண்டும். மெய்யான அறிவிப்பாயின் அங்கே பதிவு இருக்கும். வேறு காவல் நிரல் நிறுவியிருப்போர் அதனையே திறந்து பார்க்க. பெரும்பாலும் நாம் காண்பது முடிந்த காரியத்தின் செய்தியே. காவலன் கள்வனைப் பிடித்துக் கட்டிவைத்துவிட்டுத்தான் நம்மை அழைக்கிறான்.

கட்டிவைக்கும் அவ்விடத்திற்குக் குவாரன்டீன் என்று பெயர். இச்சொல் தமிழருக்குப் புதிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தொழிலாளர் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோயில்லை என்று கண்ட பின்னரே கடல் கடக்க விடப்பட்டனர். கணிப்பொறியிலும் கருத்து அதுவே: ஐயத்திற்குரிய கோப்பு அழிக்கப்படுவதில்லை, இயங்கவியலாதபடி ஒதுக்கி வைக்கப்படுகிறது. ஆதலின் அவசரம் எதுவும் இல்லை. குவாரன்டீன், ரிமூவ், அலவ் என்ற தேர்வுகளுள் முதலாவதே பெரும்பாலும் போதும். அலவ் என்பது கைதியை விடுவிப்பதாகும்.

அறிவிப்பில் பெயரையும் இடத்தையும் படிக்க. பெயர் டிரோஜன் என்று தொடங்கின், நல்ல நிரலின் வேடத்தில் வந்த கேடு. பி.யு.ஏ. என்றிருப்பின், நாம் வேண்டாமலே ஒட்டிக்கொண்டு வந்த விளம்பரச் சரக்கு போன்றது. நீக்கிவிடலாம், பீதி வேண்டா. டிஃபெண்டர் தரும் பெயரின் ஈற்றில் எம்.எல். என்ற எழுத்துகள் இருந்தால், அது யந்திரக் கற்றலால் ஊகித்த முடிவு, தவறாகவும் இருக்கலாம். இடம் டவுன்லோட்ஸ் தொகுப்பாகவோ உலாவியின் தற்காலிகக் கிடங்காகவோ இருந்து, அக்கோப்பை நாம் திறக்காமலும் இருந்தால், கள்வன் வாசலிலேயே பிடிபட்டான் என்று கொள்ளலாம்.

காவலனும் தவறுவதுண்டு. 2010 ஏப்ரல் 21-ஆம் நாள் மெக்காஃபி நிரலின் புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்.பி.யின் இன்றியமையாத கோப்பு ஒன்றைக் கேடென்று கருதி ஒதுக்க, பல அலுவலகங்களில் கணிப்பொறிகள் முடங்கின. தமிழில் எழுத உதவும் நிரல்களுக்கும் இவ்விடர் நேரக்கூடும். நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் கவனித்துத் தமிழெழுத்தாக மாற்றுவது அவற்றின் தொழில். கடவுச்சொல்லைத் திருடும் நிரலும் விசைகளைத்தான் கவனிக்கிறது. உரிய தளத்திலிருந்து பெற்றதாயின் பொறுமையாக ஆராயலாம். யாரோ அனுப்பிய பிரதியாயின் விடுவிக்காமலிருப்பதே நலம். விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகை உள்ளபோது வெளியே தேடித் திரிய வேண்டியதும் இல்லை.

திருட்டுத் திரைப்படங்களும் காசில்லாமல் கிட்டும் விளையாட்டுகளும் வேறு வகை. "நிறுவுமுன் காவல் நிரலை நிறுத்திவிடுக" என்று அவற்றோடு ஒரு குறிப்பு வரும். திருடன் வருமுன் நாயைக் கட்டிவைக்கச் சொல்வது போன்றது இது! இக்குறிப்பைப் பிள்ளைகள் பின்பற்றுகின்றனரா என்று பெற்றோர் கவனிக்க வேண்டும். வீட்டுக் கணிப்பொறிகளில் நாம் கண்ட தொல்லைகளுள் பல இவ்வழியே வந்தவை.

நீக்கிய கேடு மறுநாளும் அதே பெயரில் தோன்றினால் வேர் உள்ளே இருக்கிறது என்று பொருள். அப்போது டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன் என்பதைத் தேர்ந்தால், விண்டோஸ் முழுமையாக எழுமுன்னரே யந்திரம் சோதிக்கப்படும். கால் மணி நேரம் அளவு ஆகும். கோப்புகளின் பெயர்கள் தாமாக மாறிப் பணம் கேட்கும் செய்தி தோன்றுமாயின் உடனே இணையத் தொடர்பைத் துண்டிக்க. 2017 மே மாதத்தில் உலகைக் கலக்கிய வான்னக்ரை இவ்வினத்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. ஏற்காதிருந்த யந்திரங்களே பெரிதும் அகப்பட்டன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது என்பதையும் இவ்விடத்து நினைக்க. குடும்பப் படங்களின் பிரதி ஒன்று, கணிப்பொறியோடு இணைக்காத தனி வட்டில் இருக்கட்டும்.

முன்பின் அறியாதவரிடம் யந்திரத்தை ஒப்படைத்துவிட்டதாகத் தெரியவந்தால், இணையத்தைத் துண்டித்து, அவர் நிறுவச் செய்த நிரலை நீக்கி, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். பணமும் போயிருப்பின் வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தாமதமின்றித் தெரிவிக்க. பணம் கைமாறிக்கொண்டே போகுமாதலின் அதனை இடையில் நிறுத்திவைக்க முந்திய நிமிடங்களே பயன்படும். கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொண்டு அழைப்பது நன்று.