வலம்புரி, இடம்புரி: ஒளி பிரித்துக் கொடுக்குமா?

பெரணமல்லூர் தறிக்குப் பாவாகப் போகும் முறுக்குப் பட்டு இழை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முறுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். இழையை முனை மாற்றிப் பிடித்தாலும் அந்தச் சாய்வு மாறாது. கண்ணாடியில் காட்டினால்தான் எதிர்ப்பக்கமாகத் தெரியும்.

மூலக்கூறுகளிலும் இப்படி வலம்புரி, இடம்புரி உண்டு. அணுக்கள் அவையே, எடையும் ஒன்றே. வடிவம் மட்டும் கண்ணாடி பிம்பம். பட்டின் புரதமான ஃபைப்ராயினில் உள்ள அமினோ அமிலங்களில் அலனினும் செரினும் எல்லாம் இட வகையே. கிளைசினுக்கு மட்டும் இந்தப் பேதம் கிடையாது. நம் மூக்குக்கும் இது தெரியும்: புதினாவில் மணக்கும் கார்வோனும் சதகுப்பை விதையில் மணக்கும் கார்வோனும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பங்கள். மருந்திலும் ஒரு வடிவம் வேலை செய்யும். மற்றது சும்மா இருக்கலாம், கெடுதலும் செய்யலாம். அதனால்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. 1848இல் லூயி பாஸ்டர் டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார்.

அந்த வேலையை ஒளி செய்யுமா? ஒளி தான் படும் பொருளைத் தள்ளுகிறது. வெயிலில் நிற்கும் நமக்கு அது உறைக்காது. ஆனால் லேசரைக் குவித்தால் நுண்துகள் நகரும் என்று ஆர்தர் ஆஷ்கின் 1970இல் காட்டினார். 2018இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒளியிலும் வலம், இடம் உண்டு: அதன் மின்புலம் சுழன்றபடியே முன்னேறும்படி செய்யலாம். ஒளித்துகளுக்குத் தற்சுழற்சி உண்டு என்பதற்கு 1931இல் சோதனைச் சான்று தந்தவர்கள் நம் சி.வி. ராமனும் எஸ். பகவந்தமும்.

இனி ஒளியின் தள்ளலையும் அதன் வலம், இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். சில திரவப் படிகங்களின் மூலக்கூறுகள் திருகலாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் சிறு துளிமேல் அதே திருகலுள்ள ஒளி பட்டால் திரும்பி வரும். எதிர்த் திருகலுள்ள ஒளி ஊடுருவிப் போய்விடும். திரும்பும் ஒளிதான் பலமாகத் தள்ளும். ஒரு பக்கமிருந்து வல ஒளி, எதிர்ப்பக்கமிருந்து இட ஒளி. நடுவே ஓடும் நீரோட்டத்தில் இருவகைத் துளிகளும் கலந்து வந்தால், வலம் ஒரு பக்கமும் இடம் மறுபக்கமும் ஒதுங்கும். பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் தக்காச்சென்கோவும் பிராசலேயும் 2014இல் இதைச் செய்து காட்டினார்கள். துளியைத் தொடவில்லை, எந்த ரசாயனமும் சேர்க்கவில்லை. எனக்கு இது பெரிய சாதனையாகவே படுகிறது.

ஆனால் அந்தத் துளிகள் மைக்ரோமீட்டர் அளவுள்ளவை. மருந்து மூலக்கூறு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். உருவம் சிறுக்கச் சிறுக்க ஒளியின் தள்ளல் மளமளவென்று குறைந்து, வெப்பத்தால் எழும் அலைக்கழிப்பு அதை விழுங்கிவிடுகிறது. இந்தத் தடையைத் தாண்ட, ஒளியை மிகச் சிறிய இடத்தில் நெருக்கும் உலோக நுண்ணமைப்புகளை ஆய்வாளர்கள் முயன்று வருகிறார்கள். பிரிப்பதற்கு மருந்து ஆலைகள் இன்றும் பெரிதும் நம்புவது படிகமாக்கலையும் பிரிப்புக் குழாய்களையும்தான். அடுத்த முறை மருந்து அட்டையில் ‘லெவோசெட்டிரிசின்’ என்று இருந்தால் கவனியுங்கள்: இரண்டு வடிவங்களில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து உங்களுக்குத் தந்திருக்கிறார்கள்.