181 கி.மீ. ஓடுமா? 25,000 வண்டி வித்துச்சா? போச்சம்பள்ளி ஸ்கூட்டர் சொல்லும் 'நம்பர்' பாடம்

ஷோரூம் வாசல் பேனரில் பெரிய எழுத்தில் ஒரு நம்பர். வண்டி கைக்கு வந்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தால் மீட்டரில் வேற நம்பர். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிய பலரும் சொல்லும் விஷயம் இது.

அப்போ கம்பெனி சொன்னது பொய்யா? அவ்வளவு சுலபமாக முடிவு கட்ட முடியாது. பல நேரங்களில் அந்த நம்பர் உண்மைதான். ஆனால் அது எதை அளந்த நம்பர் என்பதுதான் நமக்குத் தெரியாமல் போகிறது.

இதைப் புரிந்துகொள்ள ரொம்ப தூரம் போகத் தேவையில்லை. நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் உள்ள ஓலா எலெக்ட்ரிக் ஆலையின் கதையே போதும். அந்த ஆலையைச் சுற்றிச் சொல்லப்பட்ட 4 நம்பர்கள் என்ன, அவற்றுக்குப் பின்னால் இருந்த நிஜம் என்ன? இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

நம்பர் 1: ஆண்டுக்கு 1 கோடி வண்டி

2020 டிசம்பரில் தமிழக அரசுடன் ஓலா நிறுவனம் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. ரூ.2,400 கோடி முதலீடு, சுமார் 10,000 பேருக்கு வேலை என்று அறிவிக்கப்பட்டது. போச்சம்பள்ளி அருகே 500 ஏக்கரில் ஆலை எழுந்தது. முழுத் திறனை எட்டும்போது ஆண்டுக்கு 1 கோடி வண்டிகள் தயாராகும், 2 விநாடிக்கு ஒரு வண்டி வெளியே வரும் என்றது நிறுவனம். 2021 செப்டம்பரில், ஆலையை முழுக்க முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்ற அறிவிப்பும் வந்தது. மாவட்டமே திரும்பிப் பார்த்தது.

ஆலை நிஜம். அங்கே வேலை பார்க்கும் பெண்களும் நிஜம். ஆனால் 2024-25 நிதியாண்டில் ஓலா டெலிவரி செய்தது சுமார் 3.59 லட்சம் வண்டிகள்.

1 கோடி எங்கே, 3.59 லட்சம் எங்கே? இங்கேதான் முதல் பாடம். 'திறன்' என்பது எதிர்காலத்தில் இவ்வளவு செய்ய முடியும் என்ற திட்டம். 'உற்பத்தி' என்பது இப்போது செய்து முடித்தது. ஒரு ஊருக்கு எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பதை முடிவு செய்வது இரண்டாவது நம்பர்தான். வேலைக்கு நம்பிக் காத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியதும் அதைத்தான்.

நம்பர் 2: ஒரு சார்ஜில் 181 கி.மீ.

2021 ஆகஸ்ட் 15-ம் தேதி எஸ்1, எஸ்1 ப்ரோ என 2 மாடல்கள் அறிமுகமாயின. எஸ்1 ப்ரோ ஒரு சார்ஜில் 181 கி.மீ. ஓடும் என்று சொல்லப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் டெலிவரி தொடங்கியபோது, சாலையில் ஓட்டினால் கிடைக்கும் தூரம் 135 கி.மீ. என்று நிறுவனமே சொன்னது. எஸ்1 மாடலுக்கு 121 என்பது 101 ஆனது.

ஏன் இந்த வித்தியாசம்? 181 என்பது சான்றிதழ் நம்பர். புனேயில் உள்ள ஆராய் போன்ற அமைப்புகள் வண்டியைச் சோதனைக்கூடத்தில் உருளை மேல் நிறுத்தி ஓட்டிப் பார்க்கும். எப்போது வேகம் எடுக்கணும், எப்போது நிற்கணும் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த கணக்கு. இதில் பயன்படும் 'இந்தியன் டிரைவிங் சைக்கிள்' முறையில் அதிகபட்ச வேகமே மணிக்கு 42 கி.மீ.தான். மேடு இல்லை, எதிர்க்காற்று இல்லை, பின்னால் உட்கார ஆளும் இல்லை.

நம்ம ஊர் சாலையில் வைத்துப் பார்ப்போம். கிருஷ்ணகிரியில் இருந்து பெங்களூரு சுமார் 90 கி.மீ. போய் வந்தால் 180. காகிதத்தில் இருக்கும் 181-ஐ நம்பிக் கிளம்பினால், வீட்டு வாசல் வரை வந்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் நிஜக் கணக்கு 135 என்றால், திரும்பி வரும்போது ஓசூரைத் தாண்டியதுமே வண்டி நின்றுவிடும். அதுவும் கிருஷ்ணகிரியை விட ஓசூர் உயரமான இடம். போகும்போது ஏறிக்கொண்டே போகணும். நெடுஞ்சாலையில் 42-ல் யாரும் போகப் போவதும் இல்லை.

இது ஓலா வண்டிக்கு மட்டும் பொருந்துவது இல்லை. பெட்ரோல் பைக் விளம்பரத்தில் வரும் மைலேஜும் இப்படிச் சோதனைக்கூடத்தில் எடுத்ததுதான். ஒரு மாடலை இன்னொரு மாடலுடன் ஒப்பிட அந்த நம்பர் உதவும். உங்கள் பயணத்தைத் திட்டமிட உதவாது.

நம்பர் 3: ரூ.1.5 லட்சத்துக்குள் விலை

மத்திய அரசின் ஃபேம்-2 திட்டத்தில் மானியம் கிடைக்க ஒரு நிபந்தனை இருந்தது. ஸ்கூட்டரின் ஆலை விலை ரூ.1.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. இதில் சில நிறுவனங்கள் சார்ஜர், சாஃப்ட்வேர் போன்றவற்றுக்குத் தனியாகப் பில் போட்டன. வண்டி விலை வரம்புக்குள் இருப்பதுபோல் தெரிந்தது. வாங்கியவர் பாக்கெட்டில் இருந்து போனதோ அதைவிட அதிகம்.

சார்ஜர் இல்லாமல் எலெக்ட்ரிக் வண்டியை வைத்து என்ன செய்வது? அரசும் இதே கேள்வியைத்தான் கேட்டது. 2023 மே மாதம் ஓலா, ஏத்தர், டிவிஎஸ், ஹீரோவின் விடா ஆகியவை வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தன. ஓலாவின் பங்கு மட்டும் சுமார் ரூ.130 கோடி என்று செய்திகள் வெளியாயின. இந்த நாலில் மூன்று கம்பெனிகளுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை இருக்கிறது. ஓலாவுக்குப் போச்சம்பள்ளியில், ஏத்தருக்கும் டிவிஎஸ்ஸுக்கும் ஓசூரில்.

நம்பர் 4: ஒரே மாதத்தில் 25,000 விற்பனை

2025 பிப்ரவரியில் 25,000-க்கும் அதிகமான வண்டிகளை விற்றதாகவும், சந்தையில் 28 சதவீதம் தங்களிடம் இருப்பதாகவும் ஓலா அறிவித்தது. ஆனால் மத்திய அரசின் 'வாகன்' தளத்தில் அந்த மாதம் பதிவானவை சுமார் 8,600 வண்டிகள்தான். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

பதிவு வேலைகளைச் செய்யும் ஏஜென்சிகளுடன் ஒப்பந்தத்தை மாற்றி அமைப்பதால் பதிவு தற்காலிகமாகக் குறைந்தது என்பது நிறுவனத்தின் விளக்கம். மத்திய அரசு கேள்வி கேட்டது. அதன் பிறகு வந்த தகவல்களில், முன்பணம் கட்டி உறுதியான ஆர்டர்களும் அந்த 25,000-ல் சேர்ந்தே இருந்தது தெரியவந்தது. அப்போது டெலிவரியே தொடங்காத ரோட்ஸ்டர் எக்ஸ் பைக்கும் அதில் அடக்கம்.

அப்போ 'விற்பனை' என்றால் எது? நாம் பணம் கட்டியதா, ஆலையில் இருந்து லாரியில் ஏறியதா, நம்பர் பிளேட் மாட்டி ரோட்டுக்கு வந்ததா? மூன்றையும் விற்பனை என்றே சொல்ல முடிகிறது. பல வாகன நிறுவனங்கள் மாதாமாதம் வெளியிடுவது டீலருக்கு அனுப்பிய கணக்கு. வாகன் காட்டுவது ரோட்டுக்கு வந்த கணக்கு. வாகனிலும் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. அப்போது தெலங்கானா கணக்கு அதில் சேராது.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். 2024 ஆகஸ்டில் ரூ.76-க்கு வந்த ஓலா பங்கு, அதே மாதம் ரூ.157-ஐத் தொட்டது. 2025-ல் 50 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. செல்போனில் ஆப் வைத்துப் பங்கு வாங்கிய சாதாரண ஆட்களின் சேமிப்பும் அதில் இருந்தது. அவர்களுக்கு இந்த மாதாந்திர நம்பர் ஒவ்வொன்றும் காசு.

வாங்கும் முன் என்ன கேட்கணும்?

வெளுத்ததெல்லாம் பால் இல்லைன்னு வீட்டில் பெரியவங்க சொல்வாங்க. அதை ஷோரூமில் எப்படிச் சோதிப்பது? இந்த 4 கேள்விகளைக் கேளுங்கள்.

* இந்த கி.மீ. சான்றிதழ் கணக்கா, ரோட்டுக் கணக்கா? ரோட்டுக் கணக்கு தெரியாவிட்டால் சொன்னதில் முக்கால் பங்கை மட்டும் நம்பித் திட்டமிடுங்கள்.

* இந்த விலையில் சார்ஜர், இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்ந்திருக்கா? மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள்.

* இந்த மாடல் இப்போதே டெலிவரியில் இருக்கா, இல்லை புக்கிங் மட்டும்தானா?

* ரிப்பேர் என்றால் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் எங்கே? வாங்கும் முன் நேரில் போய், அங்கே எத்தனை வண்டிகள் காத்திருக்கின்றன என்று ஒரு பார்வை பாருங்கள்.

பிரச்னை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அந்த உதவி மையத்துக்கு ஓராண்டில் வந்த 10,644 புகார்களை வைத்துத்தான், 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அவற்றில் 99.1 சதவீதம் தீர்க்கப்பட்டுவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது.

இப்போ உங்களுக்கே தெரியும், அடுத்து கேட்க வேண்டிய கேள்வி. 'தீர்த்தாச்சு' என்பதை யார் முடிவு செய்தது? கம்பெனியா, வண்டியை ஓட்டுபவரா?