மிஸ் அடித்தது வண்டியா, நானா?



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்றார்கள். ரேங்க் வாங்குவது எப்படி என்று எழுத எனக்குத் தகுதி கிடையாது. என் பெரியப்பாவின் காசு 2,300 ரூபாயை வீணடித்து நான் படித்த ஒரு பாடத்தைச் சொல்கிறேன்.

பெரியப்பாவிடம் ஒரு பழைய பெட்ரோல் அம்பாசிடர் இருக்கிறது. 1489 சி.சி. எஞ்சின், நான்கு சிலிண்டர். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்குப் போகும். அதுதான் அவருக்கு வருமானம். போன வைகாசியில் அந்த வண்டி மிஸ் அடிக்க ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் தேன் மாதிரி ஓடும். பத்து கிலோமீட்டர் போய்ச் சூடேறியதும் 'டப் டப்' என்று இடறும், பிக்கப் சுத்தமாக இருக்காது. அடுத்த வாரமே ஒரு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தார். "டிப்ளமோ படிக்கிறியே தம்பி, கொஞ்சம் பாரேன்" என்றார்.

நான் பார்க்கவில்லை, மாற்றினேன். முதலில் நாலு பிளக். பிறகு பிளக் ஒயர் செட். 'சூடானால் மிஸ் அடிக்குதுன்னா காயில்தான்' என்று யாரோ சொல்ல, காயிலும் புதுசு. வண்டி அதே இடத்தில், அதே மாதிரி இடறியது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் ரொம்ப உறுத்தியது.

அப்புறம்தான் வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. பெட்ரோல் எஞ்சின் எரிய மூன்று வேண்டும்: சரியான கலவை, சரியான நேரத்தில் பொறி, போதுமான அழுத்தம். நான் பொறியை மட்டுமே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றுகூடப் பார்க்கவில்லை.

முதல் படி: குற்றவாளி எந்த சிலிண்டர்?

வண்டியை நன்றாகச் சூடேற்றி, ஐடிலில் விட்டு, ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றினேன். (ஷாக் அடிக்கும். இன்சுலேஷன் உள்ள பிளையரால் பிடித்து, கழற்றிய ஒயர் முனையை பாடியில் எர்த் செய்ய வேண்டும்.) 1, 3, 4-ஐக் கழற்றியபோது எஞ்சின் வேகம் இறங்கியது. 2-ஐக் கழற்றினால் ஒரு மாற்றமும் இல்லை. ஆக, இரண்டாவது சிலிண்டர் ஏற்கனவே தூங்குகிறது.

இரண்டாம் படி: இடம் மாற்றிப் பார்ப்பது.

2-ம் சிலிண்டர் பிளக்கை 3-க்கு மாற்றினேன். மிஸ் கூடவே போனால் பிளக் குற்றம், போகவில்லை. ஒயரை மாற்றினேன், அதற்கும் அசையவில்லை. பிளக் முனையில் பொறி நன்றாகவே வந்தது. கலவை கோளாறாக இருந்தால் ஒரே கார்புரேட்டர் ஊட்டும் மற்ற சிலிண்டர்களும் ஓரளவாவது அழுதிருக்கும். மிச்சம் இருப்பது அழுத்தம்தான்.

மூன்றாம் படி: கம்ப்ரஷன் டெஸ்ட்.

எஞ்சின் சூடாக இருக்கும்போதே நாலு பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து கிராங்க் செய்தோம். 1, 3, 4 மூன்றும் 120 பவுண்டுக்குக் குறையவில்லை. 2-ல் வெறும் 70. பிளக் துவாரத்தில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அடைத்துக்கொண்டு ரீடிங் ஏறும். ஏறவில்லை. பக்கத்து சிலிண்டர்கள் நன்றாக இருப்பதால் இரண்டு சிலிண்டருக்கு நடுவே கேஸ்கட் போயிருக்கவும் வாய்ப்பில்லை. அப்படியானால் வால்வு.

டேப்பட் கவரைத் திறந்து ஃபீலர் கேஜை நுழைத்தேன். 2-ம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளியே இல்லை! சூட்டில் வால்வு தண்டு நீளும்போது, ராக்கர் அதை முழுதாக மூடவிடவில்லை. அழுத்தம் அந்த வழியே ஓடிப்போனது. குளிர்ந்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும். அதனால்தான் காலையில் நல்ல பிள்ளை.

'தேய்ந்தால் இடைவெளி கூடத்தானே வேண்டும், எப்படிக் குறையும்?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். வால்வு உட்காரும் சீட் தேய்ந்தால், வால்வு உள்ளே புதைந்து தண்டு மேலே ஏறும். அப்போது ராக்கருக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி குறையும். பழைய எஞ்சின்களுக்கு இது தெரிந்த நோய். முன்பு பெட்ரோலில் கலந்திருந்த ஈயம், வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெத்தை மாதிரி வேலை செய்தது. அது உடம்புக்கு நஞ்சு என்பதால் 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல்தான். ஊருக்கு நல்லது, பழைய வண்டிகளின் மெதுவான சீட்டுக்குக் கஷ்டம்.

சரிசெய்ய செலவு? ஒரு ஸ்பானர், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு ஃபீலர் கேஜ். இந்த எஞ்சினில் 'ஒன்பது கணக்கு' என்று ஒரு வழி உண்டு. முன்னாலிருந்து எட்டு வால்வுகளை எண்ணுங்கள். எந்த வால்வை செட் செய்கிறோமோ, அதை ஒன்பதில் கழித்தால் வரும் எண்ணுள்ள வால்வு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். என் வால்வு 4. ஆகவே 5 முழுக்கத் திறக்கும்வரை ஹேண்டிலைச் சுற்றினேன். எஞ்சின் ஆறியதும், மேனுவலில் சொன்ன அளவுக்கு எட்டையும் வைத்தேன். மறுபடி டெஸ்ட்: 2-ல் 115. மிஸ் போயே போச்சு. கல்யாணத்துக்கும் போய் வந்தது.

இன்னும் சில மாதம் ஓட்டியிருந்தால் சூட்டு வாயு கசிந்து வால்வு விளிம்பே கருகியிருக்கும், ஹெட்டை இறக்க வேண்டியிருக்கும். இப்போதும் சீட் தேய்வது நிற்காது. அடிக்கடி இடைவெளி பார்க்க வேண்டும். ஹெட் இறக்கும் காலத்தில் கெட்டியான சீட் போடச் சொல்லியிருக்கிறேன்.

'இதெல்லாம் பழைய வண்டிக்கு, புது வண்டிக்கு ஸ்கேனர் இருக்கே' என்பீர்கள். ஸ்கேனர் பி0302 என்று காட்டினால், இரண்டாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று மட்டுமே அர்த்தம். ஏன் என்று அது சொல்லாது. அங்கே காயிலைக் கழற்றிச் சோதிக்காதீர்கள்; எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பிறகு இடம் மாற்றிப் பார்ப்பதும், கம்ப்ரஷனும் அதே வரிசைதான்.

புது காயில் டப்பாவை பெரியப்பா இன்னும் டிக்கியில் வைத்திருக்கிறார். "ஸ்பேர் இருக்கட்டும் தம்பி" என்கிறார். எனக்குத்தான் அதைப் பார்க்கும்போதெல்லாம் சங்கடமாக இருக்கிறது. நண்பர்களே, ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் கேள்வியைக் கையில் எடுங்கள்.

— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை