தோளுக்குப் பொருந்தும் துப்பாக்கி

குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் ஒருவர் அடையும் துல்லியம் குழலையும் தோட்டாவையும் மட்டும் பொறுத்ததன்று. துப்பாக்கியின் பின்பகுதியாகிய கட்டை, அதைத் தாங்குபவரின் உடலோடு எவ்வளவு இசைகிறது என்பதையும் பொறுத்தது. விருதுநகர், சிவகாசிக் கல்லூரிகளில் தேசிய மாணவர் படையில் சேர்வோர் .22 ரைபிளை முதன்முதலில் தோளில் அணைக்கும்போதே இதை உணரத் தொடங்குகின்றனர். ஏறத்தாழ 43 அங்குல நீளமுள்ள அந்த ரைபிளின் கட்டை எல்லோருக்கும் ஒரே அளவாக அமைந்திருப்பதால், நெடிய கைகள் உடையவருக்கு எளிதாக வருவது குட்டையான உடல்வாகு உடையவருக்குக் கழுத்தை நீட்டியே எட்ட வேண்டியதாகிறது.

குட்டையான துப்பாக்கியை நாடுவோர் பலரும் விரும்புவது லீவர் ரைபிள். விசையைச் சுற்றி வளையமாக அமைந்த லீவரைக் கீழே தள்ளினால் வெறும் தோட்டாக்கூடு வெளியேறிச் சுத்தியல் பின்னுக்குச் சாய்கிறது; மேலே இழுத்தால் புதுத் தோட்டா குழலுக்குள் ஏறுகிறது. வின்செஸ்டர் நிறுவனம் 1866, 1873 ஆகிய ஆண்டுகளின் பெயர்களில் வெளியிட்ட வகைகளால் இம்முறை புகழ்பெற்றது. பின்னர் ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1892, 1894 வகைகள் அதை மேலும் வலுவாக்கின. ஏறத்தாழ 20 அங்குலக் குழல் கொண்ட குட்டை வகையைக் கார்பைன் என்பர்.

இவ்வகை ரைபிள்கள் பெரும்பாலானவற்றில் தோட்டாக்கள் குழலுக்கு அடியிலுள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. தோட்டாவின் அடியில், பொம்மைத் துப்பாக்கியின் சுருள் கேப்பைப் போல அடிபட்டவுடன் தீப்பிடிக்கும் பற்றவைப்பான் இருப்பதால், பின்னால் நிற்கும் குண்டின் கூர்முனை அதில் இடித்தால் குழாய்க்குள்ளேயே வெடிக்கக்கூடும்; அதனாலேயே இவற்றுக்குத் தட்டை முனைக் குண்டுகள் பயன்படுகின்றன.

தொடக்க கால லீவர் ரைபிள்களை இயக்கிய கருமருந்து, வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றின் கலவை. பட்டாசுத் தொழிலோடு வாழும் மக்களுக்கு அந்த மூன்றும் அன்னியமானவையல்ல. 1895-இல் வந்த .30-30 தோட்டா புகையற்ற மருந்தைக் கொண்டிருந்ததால் குண்டின் வேகம் கூடியது; அதனுடன் தோளில் தாக்கும் பின்னுதைப்பும் கூடியது. ஒரே தோட்டாவைச் சுடும் இரண்டு துப்பாக்கிகளில் எடை குறைந்ததே வலுவாக உதைக்கும் என்பதால், குட்டையும் இலேசுமான ரைபிளைத் தேர்ந்தெடுப்பவர் அந்த உதைப்பைப் பரப்பித் தாங்கும் கட்டையின் அளவில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

பொருத்தம் என்பதில் முதலாவது, விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையிலான நீளம். தொழிற்சாலை ரைபிள்கள் பலவற்றில் இது 13½ அங்குலத்தை ஒட்டியிருக்கிறது. நீளம் மிகுந்தால் கட்டை அக்குளில் சிக்கும், லீவரை இயக்கும்போது குழல் குறியிலிருந்து விலகும். குறைந்தால் உதைப்பின்போது கட்டைவிரல் மூக்கில் மோதும், தொலைநோக்கி புருவத்தைக் காயப்படுத்தும். இரண்டாவது, கன்னம் சாயும் மேல்விளிம்பின் உயரம். பழைய கார்பைன்களின் தாழ்ந்த விளிம்பு திறந்த குறிமுனைகளுக்கு ஏற்றது. தொலைநோக்கி பொருத்தினால் கண் மேலெழ வேண்டியிருப்பதால் விளிம்பும் உயர வேண்டும். மூன்றாவது, தோளில் பதியும் பட்டையின் வடிவம். பிறைபோல் வளைந்த பழைய இரும்புப் பட்டையைவிட அகன்ற தட்டை ரப்பர் பட்டை உதைப்பைச் சீராகப் பரப்புகிறது. இவற்றைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்த பின், பாதுகாப்பான திசையை நோக்கிக் கண்களை மூடித் துப்பாக்கியைத் தோளில் அணைத்து, கண்களைத் திறக்கும்போது தலையை அசைக்காமலே குறிமுனைகள் நேர்கோட்டில் தெரிந்தால் கட்டை பெரும்பாலும் பொருந்தியுள்ளது எனலாம்.

இந்தியச் சட்டமும் இந்தத் தேர்வில் கட்டைக்கே முதலிடம் தேடித்தருகிறது. ஆயுதச் சட்டம் 1959-இன் 6-ஆம் பிரிவு உரிமமின்றிக் குழலை வெட்டிக் குறைப்பதைத் தடைசெய்கிறது. ஆகவே நீளமான குழலை வாங்கிப் பின்னர் குட்டையாக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு இடமில்லை. கட்டையின் நீளத்தையும் கன்ன உயரத்தையும் மட்டும் உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் சீர்செய்துகொள்ளலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் பொதுவாக இரண்டே என்பதால், பொருந்தாத ஒன்றை வாங்கி அந்த இடத்தை நிரப்பிவிடுவது நெடுநாள் வருத்தமாக மாறும்.

லீவர் ரைபிள் இந்தியாவில் அரிது. ஆனால் பொருத்தத்தைக் கற்றுக்கொள்ள அது தேவையுமில்லை; .177 விட்டமும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட காற்று ரைபிளே போதும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்றோர் போட்டியிடும் 10 மீட்டர் காற்று ரைபிள் பிரிவில் எடை 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது என்ற விதி இருக்கிறது. அந்த எல்லைக்குள் கன்னத் தாங்கியும் தோள்பட்டையும் வீரரின் உடலுக்கேற்பத் திருகித் திருத்தும்படி அமைக்கப்படுகின்றன. ஆகவே துப்பாக்கி வாங்க விரும்புபவர் முதலில் சங்கமொன்றில் பயிற்றுநரின் கண்காணிப்பில் தம் உடலின் அளவுகளை அறிந்துகொள்வதே முறை. குழலின் நீளம், தோட்டாவின் வகை, நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றை அந்த அளவுகள் தெரிந்த பின்னரே ஆராய வேண்டும்.