நிரலின் இலக்கணம் அறியும் உரைத்திருத்தி

மும்பை மாநகரில் மேற்கு ரயில்வேயும் மத்திய ரயில்வேயும் ஒன்றையொன்று அடுத்து அமைந்துள்ள முக்கிய நிலையம் தாதர் ஆகும். மாதுங்காவிலும் தாராவியிலும் வாழும் தமிழ் மக்களுக்கு இந்நிலையம் நன்கு பழக்கமானது. 2023-ஆம் ஆண்டின் இறுதி வரை இங்கு ஒரு விசித்திரமான நிலை நிலவி வந்தது. இரு ரயில்வேக்களும் தத்தம் நடைமேடைகளுக்கு ஒன்று என்ற எண்ணிலிருந்தே தனித்தனியாக இலக்கமிட்டிருந்தன. ‘முதல் நடைமேடைக்கு வாருங்கள்’ என்று ஒருவர் சொன்னால், எந்த ரயில்வேயின் முதல் நடைமேடை என்பதைக் கேட்டறியாமல் புதியவர் ஒருவர் சரியான இடத்திற்குச் செல்ல இயலாது. 2023 டிசம்பர் 9 முதல் மேற்கு ரயில்வேயின் நடைமேடைகள் 1 முதல் 7 வரையிலும், மத்திய ரயில்வேயின் நடைமேடைகள் 8 முதல் 14 வரையிலும் தொடர்ச்சியாக எண்ணிடப்பட்டன. இதனால் ஓர் எண் ஓர் இடத்தையே குறிக்கலாயிற்று.

கணிப்பொறிக்கு எழுதப்படும் நிரல்களிலும் இதே இடர்ப்பாடு உண்டு. ஆனால் அதனை இவ்வளவு எளிதில் நீக்கிவிட முடியாது. நிரல் மொழிகளில் குறியீடுகள் சிலவே. அவற்றைத் திரும்பத் திரும்பப் பல பணிகளுக்கு உபயோகிக்க வேண்டியுள்ளது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இன்று பரவலாகக் கற்பிக்கப்படும் பைதான் மொழியில், முக்காற்புள்ளி ஓரிடத்தில் சுழற்சிக் கட்டளையின் தலைப்பு வரியை முடிக்கிறது. மற்றோரிடத்தில் ஒரு பெயரையும் அதன் மதிப்பையும் பிரித்துக் காட்டுகிறது. வேறோரிடத்தில் பட்டியலின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள உதவுகிறது. குறி ஒன்றே. அது எந்த அமைப்பின் உள்ளே நிற்கிறது என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது. ஆகவே நிரலை எழுத உதவும் உரைத்திருத்தி, எழுத்துக்களை மட்டுமன்றி அமைப்பையும் அறிந்திருத்தல் அவசியமாகிறது. அத்தகைய உரைத்திருத்தியை ஆசிரியரும் களப்பணியாளரும் தம் கணிப்பொறியில் அமைத்துக்கொள்ளும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

வண்ணம் தீட்டும் பழைய முறை

நிரலின் சொற்களை அவற்றின் வகைக்கேற்பப் பல வண்ணங்களில் காட்டும் வழக்கம் 1980-களில் தோன்றியது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த மைக் கௌலிஷா 1985-இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிப் பணிக்கென உருவாக்கிய ‘லெக்ஸ்’ என்னும் திருத்தி இதற்கு ஒரு முன்னோடியாகும். பின்னர் வந்த திருத்திகளில் பெரும்பாலானவை வடிவப் பொருத்த முறையைக் கையாண்டன. இன்ன எழுத்துக்கள் இன்ன வரிசையில் வந்தால் இன்ன வண்ணம் தீட்டுக என்று வகுக்கப்பட்ட விதிகளின் தொகுதியே இம்முறையாகும்.

இம்முறை விரைவானது, எளிய நிரல்களுக்குப் போதுமானது. எனினும் இதில் இரு குறைகள் உள்ளன. முதலாவதாக, பைதானில் மூன்று மேற்கோட்குறிகளால் சூழப்பட்ட பகுதி பல வரிகளுக்கு நீண்டு செல்லக்கூடும். திரையில் தெரியும் சில வரிகளை மட்டும் நோக்கி ஊகிக்கும் திருத்தி, அப்பகுதியின் நடுவில் நின்றுகொண்டு வெறும் விளக்க உரையைக் கட்டளை எனக் கருதிவிடும். அதன்பின் வரும் வண்ணங்கள் யாவும் மாறிப்போகும். இரண்டாவதாக, அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி என எத்தனை அடுக்குகள் வந்தாலும் அவற்றைக் கணக்கிட்டுப் பொருத்துதல் வெறும் வடிவ விதிகளால் இயலாது. மொழி இலக்கணங்களை அவற்றின் ஆற்றலுக்கேற்ப வகைப்படுத்தி நோம் சோம்ஸ்கி 1956-இல் செய்த ஆராய்ச்சி இவ்வரம்பைத் தெளிவுபடுத்தியது.

தமிழாசிரியர்களுக்கு இது புதிய செய்தி அன்று. ‘பலகை’ என்ற ஒலித்தொடர் மரத்துண்டையும் குறிக்கும். ‘பல கை’ எனப் பிரிந்து அநேக கைகளையும் குறிக்கும். எழுத்தை மட்டும் உற்று நோக்குவதால் எது பொருள் என்று முடிவு செய்ய முடியாது. தொடரில் அது பெற்றுள்ள இடத்தை ஆராய வேண்டும். இதனைக் கணிப்பொறிக்குக் கற்பிப்பதே இலக்கணப் பகுப்பு எனப்படுகிறது.

மும்பை ஆராய்ச்சியின் பங்கு

அமைப்பைக் கொண்டே பொருளை அறிதல் வேண்டும் என்ற கொள்கைக்கு மும்பையில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட ‘டிஃப்ராக்’ என்னும் மின்கணிப்பொறி 1960-இல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. அதற்கு 1962-இல் அப்பெயரைச் சூட்டியவர் பிரதமர் ஜவாஹர்லால் நேரு ஆவார். அதன் நினைவகம் 40 இரும எண்கள் கொண்ட 2,048 சொற்களை மட்டுமே தாங்கியது. அதற்கான கட்டளைகள் துளையிட்ட காகித நாடாக்களின் வழியே செலுத்தப்பட்டன.

அக்கணிப்பொறியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஆர். நரசிம்மன். 1926-இல் சென்னையில் பிறந்த இவர் கிண்டி பொறியியற் கல்லூரியில் பயின்றவர். 1954-இல் டாடா நிலையத்தில் சேர்ந்தார். 1961 முதல் 1964 வரை அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் தங்கி, அணுத்துகள்கள் குமிழிக் கலத்தில் விட்டுச்செல்லும் தடங்களின் புகைப்படங்களைக் கணிப்பொறி கொண்டு ஆராயும் பணியில் ஈடுபட்டார். ஒரு படத்தை முன்னரே வகுத்த அச்சுக்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது போதாது. அதன் உறுப்புக்கள் எவை, அவை எவ்வாறு இணைந்துள்ளன என்பதை ஓர் இலக்கணத்தின் துணையால் விவரிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் நம் வீட்டு வாயில்களில் இடப்படும் கோலங்களுக்கும் இத்தகைய இலக்கணம் வகுத்துக் காட்டினர். புகைப்படத்திற்கும் கோலத்திற்கும் பொருந்திய இக்கொள்கை, நிரலின் உரைக்கு மேலும் நன்றாகப் பொருந்துகிறது. ஏனெனில் நிரல் மொழிகள் தொடக்கத்திலேயே இலக்கணத்துடன் பிறந்தவை.

ட்ரீ-சிட்டர் இயங்கும் விதம்

இன்று பல உரைத்திருத்திகளில் இடம்பெற்றுள்ள இலக்கணப் பகுப்பான் ‘ட்ரீ-சிட்டர்’ என்பதாகும். இதனைத் தொடங்கியவர் மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட். கிட்ஹப் நிறுவனத்தின் ‘ஆட்டம்’ என்னும் திருத்தியில் இது 2018-இல் புகுத்தப்பட்டது. ஆட்டம் 2022 டிசம்பரில் கைவிடப்பட்டபோதிலும், ட்ரீ-சிட்டர் நிலைத்து நின்று, நியோவிம், ஈமாக்ஸ் முதலிய பிற திருத்திகளிலும் பரவியது.

இது நிரல் முழுவதையும் ஒரு மரமாக அமைத்துக்கொள்கிறது. கோப்பு அதன் வேர், செயற்கூறுகள் பெருங்கிளைகள், சுழற்சிகளும் நிபந்தனைகளும் சிறு கிளைகள், பெயர்களும் எண்களும் இலைகள். ஒவ்வொரு விசையை அழுத்தும்போதும் மரம் முழுவதையும் மீண்டும் கட்டினால் காலதாமதம் ஏற்படும். ஆகவே மாறிய பகுதியை மட்டும் புதுப்பித்து, மாறாத கிளைகளை அப்படியே உபயோகித்துக்கொள்கிறது. 1990-களில் பெர்க்லியில் டிம் வாக்னரும் சூசன் கிரஹாமும் செய்த ஆராய்ச்சி இதற்கு அடிப்படையாகும். ஒரு தொடர் இருவிதமாகப் பொருள்படும் இடத்தில், இரு வழிகளையும் ஒருங்கே பின்பற்றிச் சென்று, பொருந்தாததைப் பின்னர் கைவிடுகிறது. ‘பலகை’யைப் படிக்கும் மாணவன் செய்வதும் இதுவேயாம்.

மற்றொரு சிறப்பும் குறிப்பிடத்தக்கது. எழுதிக்கொண்டிருக்கும் நிரல் பெரும்பாலும் அரைகுறையாகவே இருக்கும். வழுவுள்ள பகுதியை மட்டும் வழு எனக் குறித்து ஒதுக்கிவிட்டு, ஏனைய பகுதிகளுக்கு மரத்தைத் தொடர்ந்து அமைக்கும் ஆற்றல் இதற்கு உண்டு.

ஈமாக்ஸில் அமைக்கும் முறை

ஈமாக்ஸ் 1976-ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்து வரும் இலவச உரைத்திருத்தியாகும். 2023 ஜூலையில் வெளியான அதன் 29-ஆம் பதிப்பிலிருந்து ட்ரீ-சிட்டரைக் கையாளும் வசதி உள்ளடங்கியுள்ளது. அமைப்பு வேலை நான்கு படிகளில் முடியும்.

முதற்படி, வசதி உள்ளதா எனச் சோதித்தல். ‘ஆல்ட்’ விசையுடன் முக்காற்புள்ளியை அழுத்தி, ‘ட்ரீசிட்-அவெய்லபிள்-பி’ என்ற சொல்லை ஆங்கில எழுத்துக்களில் பிறை அடைப்புக்குள் தட்டச்சு செய்தல் வேண்டும். ‘டி’ என்ற எழுத்து விடையாக வந்தால் வசதி உண்டு. ‘நில்’ என வந்தால் அவ்வசதியுடன் கட்டப்பட்ட வேறு பதிப்பை நிறுவ வேண்டும்.

இரண்டாம் படி, மொழியின் இலக்கணக் கோப்பைச் சேர்த்தல். ஈமாக்ஸுடன் ஒவ்வொரு மொழியின் இலக்கணமும் சேர்ந்து வருவதில்லை. ‘ஆல்ட்’ விசையுடன் ‘எக்ஸ்’ விசையை அழுத்தி, ‘ட்ரீசிட்-இன்ஸ்டால்-லாங்குவேஜ்-கிராமர்’ என்ற கட்டளையை இட்டால், மொழியின் பெயரும் இலக்கணம் கிடைக்கும் இணைய முகவரியும் கேட்கப்படும். இதற்குக் ‘கிட்’ என்னும் கருவியும் சி மொழிக் கம்பைலரும் கணிப்பொறியில் இருத்தல் அவசியம். இலக்கணம் இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டு, ஈமாக்ஸின் அமைப்புக் கோப்புறைக்குள் ‘ட்ரீ-சிட்டர்’ என்ற உட்கோப்புறையில் வைக்கப்படும்.

மூன்றாம் படி, புதிய முறையை வழக்கமாக்குதல். பைதான் கோப்பைத் திறந்து ‘பைதான்-டிஎஸ்-மோட்’ என்ற கட்டளையை இட்டால் இலக்கண முறை செயற்படும். எல்லாப் பைதான் கோப்புக்களும் தாமாகவே இம்முறையில் திறக்கப்பட வேண்டுமாயின், தொடக்கக் கோப்பில் ‘மேஜர்-மோட்-ரீமேப்-ஆலிஸ்ட்’ என்ற பட்டியலில், பழைய பைதான் முறைக்குப் பதிலாக இதனைக் குறிப்பிட வேண்டும்.

நான்காம் படி, மரத்தைக் கண்ணால் காணுதல். ‘ட்ரீசிட்-எக்ஸ்ப்ளோர்-மோட்’ என்ற கட்டளை நிரலின் இலக்கண மரத்தைப் பக்கத்துச் சாளரத்தில் காட்டும். வகுப்பறைக்கு இதுவே மிகவும் பிரயோசனமானது.

இணைய வசதியற்ற பள்ளிகளில் பணிபுரிவோர் இரண்டாம் படியை ஒரு கணிப்பொறியில் மட்டும் செய்தால் போதும். உருவான இலக்கணக் கோப்பைப் பென் டிரைவ் மூலம், அதே வகை இயங்குதளமும் செயலியும் கொண்ட பிற கணிப்பொறிகளின் அதே உட்கோப்புறையில் இடலாம். அவற்றிற்குக் கம்பைலர் தேவைப்படாது. ஆனால் இலக்கணக் கோப்பு மிகப் புதியதாகவும், ஈமாக்ஸ் சார்ந்துள்ள ட்ரீ-சிட்டர் நூலகம் பழையதாகவும் இருப்பின் இரண்டும் பொருந்தாமற் போகலாம். அப்போது இலக்கணத்தின் முந்தைய பதிப்பைப் பெற வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள்

2008-இல் வெளியான பைதான் 3-ஆம் பதிப்பு முதல், மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிடலாம். ‘மழை’ என்ற பெயர் முற்றிலும் செல்லுபடியாகும். ஆனால் கணிப்பொறியில் இச்சொல் ‘ம’, ‘ழ’, ஐகாரக் குறி என மூன்று குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. எழுத்தும் எண்ணும் மட்டுமே சொல்லின் உறுப்புக்கள் எனக் கருதும் வடிவ விதிகள் உயிர்மெய்க் குறிகளை விலக்கிவிடுகின்றன. பைதானின் சொந்த வடிவத்தேடல் நூலகமும் இவ்விதியையே கையாள்வதால், அது இச்சொல்லை ‘மழ’ என்பதோடு நிறுத்திவிடுகிறது. ட்ரீ-சிட்டரின் பைதான் இலக்கணமோ பெயர்களுக்கு யூனிகோடு வகுத்த வரையறையைப் பின்பற்றுகிறது. ஆகவே ‘மழை’ சிதையாமல் ஒரே பெயராக மரத்தில் இடம்பெறுகிறது. தாய்மொழியில் பெயரிட்டுக் கற்கும் மாணவனுக்கு இது சிறு விஷயமன்று.

திருத்தி காட்டுவதும் காட்டாததும்

இக்கருவியால் விளையும் நன்மையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஐந்து நாட்களின் மழையளவு முறையே 12, 0, 8, 20, 10 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். மொத்தம் 50, சராசரி 10. ஒவ்வொரு நாளின் அளவையும் மொத்தத்தில் கூட்டுவதற்கு ஒரு சுழற்சி எழுதி, அது முடிந்தபின் மொத்தத்தை ஐந்தால் வகுக்க வேண்டும். வகுக்கும் வரியை மாணவன் தவறுதலாக நான்கு இடைவெளி உள்ளே தள்ளி எழுதிவிட்டால், ஒவ்வொரு நாளும் வகுத்தல் நிகழ்ந்து, விடை ஏறத்தாழ 2.87 மில்லிமீட்டர் என வரும். கணிப்பொறி வழு எதனையும் அறிவிக்காது. ஏனெனில் இலக்கணப்படி நிரல் சரியானதே. இத்தகைய எண் அறிக்கையில் ஏறிவிட்டால், நல்ல மழை பெய்த ஊர் வறண்ட ஊராகக் கருதப்படும்.

இலக்கணம் அறிந்த திருத்தியும் இதனைத் தவறு என்று சொல்லாது. ஆனால் மரத்தை விரித்து நோக்கினால், வகுக்கும் வரி சுழற்சியின் கிளையில் தொங்குவது தெளிவாகத் தெரியும். ‘இவ்வரி எக்கிளையைச் சேர்ந்தது? அங்கு அது இருக்க வேண்டுமா?’ என்று ஆசிரியர் கேட்கலாம். இடைவெளிகளை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய தவற்றை மாணவன் அமைப்பின் வாயிலாகவே கண்டறிவான். பொருளைத் தீர்மானிக்கும் பொறுப்பு என்றும் மனிதனையே சாரும். அமைப்பைக் கண்முன் நிறுத்துவதே கருவியின் பணி.

தாதர் நிலையத்தில் எண்களை மாற்றியதால் குழப்பம் தீர்ந்தது. நிரலில் குறிகளை மாற்ற வழியில்லை. அவை நிற்கும் இடத்தை அறியும் பழக்கத்தையே வளர்த்துக்கொள்ள வேண்டும். மாணவர்கள் முதல் நிரலை எழுதும் நாளிலேயே அதன் மரத்தையும் ஒருமுறை அவர்களுக்குக் காட்டுவது ஆசிரியர்கள் எளிதில் கைக்கொள்ளத்தக்க வழியாகும்.