வீட்டிலிருந்தே ஆசிரியராகலாம்

ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்வெட்டிலும் செம்பனையிலும் உழைத்த குடும்பங்களில், எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாராலும் சிரம்பானுக்கோ கோலாலம்பூருக்கோ வேலைக்குப் போக முடிவதில்லை. நோயாளித் தாய், கைக்குழந்தை, பஸ் வசதிக் குறைவு என்று ஏதோ ஒன்று வீட்டோடு கட்டிப் போடுகிறது. இப்படிப்பட்டவர்கள் இணையத்தின் வழி பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதிக்க முடியுமா? முடியும். ஆனால் எப்படித் தொடங்குவது, எதில் ஏமாறக் கூடாது என்பதை அறிந்து இறங்க வேண்டும்.

பாடம் சொல்லிக் கொடுப்பது தோட்ட மக்களுக்குப் புதிதல்ல. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. அந்நாளில் பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியராக இருந்தார். 1972இல் கல்வித் தொலைக்காட்சி வந்தபோது, பாடம் தொலைவிலிருந்தும் வந்து சேரும் என்று கண்டோம். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, கைப்பேசியே வகுப்பறையாயிற்று. இயங்கலை வகுப்பு என்றால் என்ன என்பது அன்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது.

இத்தொழில் எப்படி நடக்கிறது என்பதற்கு இந்தியாவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2005இல் பெங்களூரில் டியூட்டர்விஸ்டா என்ற நிறுவனம் தொடங்கியது. இந்தியாவில் தத்தம் வீட்டில் அமர்ந்த ஆசிரியர்கள், அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கணினி வழியாகக் கணக்கும் ஆங்கிலமும் அறிவியலும் சொல்லிக் கொடுத்தார்கள். மாதம் ஏறத்தாழ 100 டாலர் கட்டினால் பிள்ளை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம். பிறகு அந்நிறுவனத்தைப் பியர்சன் வாங்கியது. 2017இல் பைஜூஸ் வாங்கியது. அந்தப் பைஜூஸ் நிறுவனமே 2024இல் கடன் தீர்க்க முடியாமல் நொடிப்பு வழக்கில் சிக்கியது. சீனாவிலும் 2021இல் அரசாங்கம் டியூஷன் தொழிலைக் கட்டுப்படுத்தியதால், வெளிநாட்டு ஆசிரியர்கள் பலர் திடீரென்று வேலை இழந்தார்கள். இதிலிருந்து நாம் அறிவது என்ன? நிறுவனம் கைமாறும், மூடவும் படும். ஆனால் ஆசிரியரின் திறமையும், பெற்றோர் அவர் மீது வைத்த நம்பிக்கையும் அவரை விட்டுப் போவதில்லை. ஆகவே நிறுவனத்தில் சேர்ந்தாலும், சொந்தமாகச் சில மாணவர்களை வைத்திருப்பதே நல்லது.

நம் பிள்ளைகளிடம் உள்ள முதல் எது? தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகள். தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை மலாயில் தடுமாறுகிறது. அதற்குத் தமிழில் விளக்கி மலாய் சொல்லித் தர ஆள் வேண்டும். எஸ்.பி.எம். தமிழ்மொழிப் பாடத்திற்கும் துணை தேவைப்படுகிறது. லண்டனிலும் டொரொண்டோவிலும் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் விளக்கித் தமிழ் கற்பிக்கவும் ஆள் வேண்டும். லண்டனில் ஞாயிறு காலை 10 மணி என்றால், பருவத்தைப் பொறுத்து நமக்கு மாலை 5 அல்லது 6 மணி. டொரொண்டோவில் வெள்ளி மாலை 6 மணி என்றால், நமக்குச் சனிக்கிழமை காலை 6 அல்லது 7 மணி. பகலில் வீட்டு வேலை உள்ளவருக்கும் இந்த நேரம் ஒத்துவரும்.

தொடங்கும் வழியைப் பார்ப்போம். நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இரண்டு பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுங்கள். பிள்ளை தேறினால் பெற்றோரே இன்னொருவரிடம் சொல்வார்கள். பிறகு ஐந்து நிமிடப் பாடம் ஒன்றைக் கைப்பேசியில் படமெடுத்து, சான்றிதழ் நகலுடன் நிறுவனங்களுக்கு அனுப்பலாம். பல நிறுவனங்கள் பட்டதாரிகளையே கேட்கும். மற்றவர்கள் ஆரம்பப்பள்ளிப் பாடங்களோடு தொடங்கலாம்.

கருவிகள் என்றால், நல்ல கைப்பேசி, ஒலிவாங்கியுள்ள காதொலிக் கருவி, முகத்தில் விழும் வெளிச்சம் ஆகியவை போதும். 3ஜி அலைவரிசை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டதால், 4ஜி உள்ள கைப்பேசியே உதவும். லயத்தில் மாலை வேளையில் இணையம் எப்படி இருக்கிறது என்பதை வகுப்பு நேரத்திலேயே சோதித்துப் பாருங்கள். ஜூம் செயலியில் இலவச வகுப்பு 40 நிமிடம்தான். அதற்கேற்பப் பாடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். கட்டணம் பேசும்போது, பாடம் தயார் செய்யும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கி, ஒரு புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

இனி, எச்சரிக்கை. வேலை தருவதாகச் சொல்லி முன்பணமோ பயிற்சிக் கட்டணமோ கேட்டால், அது பெரும்பாலும் மோசடி. வங்கி அட்டையின் இரகசிய எண்ணையும், கைப்பேசிக்கு வரும் உறுதி எண்ணையும் யாருக்கும் சொல்லாதீர்கள். "உங்கள் கணக்கில் பணம் வரும், எடுத்து அனுப்புங்கள்" என்பவருக்குக் கணக்கைக் கொடுத்தால், பிள்ளையே வழக்கில் மாட்டிக்கொள்ளும். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே உங்கள் வங்கிக்கும் 997 என்ற எண்ணுக்கும் தெரிவியுங்கள். கற்பிப்பவரும், பிள்ளையின் பெற்றோர் அருகில் இருக்கும்படி வகுப்பு நடத்த வேண்டும். அனுமதியின்றிப் பிள்ளையைப் படமெடுக்கக் கூடாது.

தொழிலாகவே செய்வதானால், தொடங்கிய 30 நாட்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிவு செய்ய வேண்டும். பலரைச் சேர்த்து டியூஷன் மையமாக நடத்த, கல்வி அமைச்சின் பதிவு வேண்டும். தோட்ட வேலையில் முதலாளி கட்டும் சேமநிதியும் சொக்சோவும் இதில் தாமாக வருவதில்லை. சொந்தத் தொழில் செய்வோருக்குச் சொக்சோ திட்டம் உண்டு. சேமநிதியில் ஐ-சாரான் திட்டம் உண்டு. மாதம் சிறு தொகையாவது அவற்றில் போட்டு வருவது முதுமைக்குத் துணை.

பெற்றோரே, பிள்ளை கைப்பேசியின் முன் உட்கார்ந்து பேசுவதைப் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் வானொலியின் ஓசையைக் குறைத்து, ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுங்கள். தொடக்க மாதங்களில் வருமானம் சிறிதாகத்தான் இருக்கும். பொறுமையோடு துணை நின்றால், பிள்ளை கற்ற கல்வியே அதற்குச் சோறு போடும்.