படுகளத்தில் ஆறும் துயர்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது குருபரப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதி அது. இன்று அங்கே தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. பிழைப்பை நாடி, உறவைப் பிரிந்து வந்தோரும் பலர். ஆயினும், அம்மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் பாரதத் திருவிழா இன்றும் நடைபெறுகின்றது. பகலில் பாரதச் சொற்பொழிவு. இரவில் விடிய விடியத் தெருக்கூத்து. இறுதி நாளில் படுகளம். மண்ணால் அமைத்த துரியோதனனின் பேருருவம் தரையில் கிடக்கும். அதனைச் சுற்றிக் கூத்தர் ஒப்பாரி பாடுவர். கேட்கும் பெண்களின் கண்கள் கலங்கும்.

கிடப்பது மண்ணுருவம். அவனோ கதையில் கொடியவன். அவனுக்காக ஏன் அழவேண்டும்? மாணவர்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

அவ்வழுகை அவனுக்காக மட்டும் அன்று. மகனை இழந்த தாய் தன் மகனை நினைக்கின்றாள். கணவனை இழந்தவள் தன் வாழ்வை நினைக்கின்றாள். வீட்டில் அழுதால் காரணம் கேட்பர். களத்தில் கேட்பார் இலர். பாட்டு துயரத்திற்குச் சொல்லைத் தருகின்றது; கூட்டம் துணையைத் தருகின்றது. படுகளம் முடிந்ததும் எல்லாரும் எழுந்து வீடு திரும்புவதால், அழுகைக்கு ஓர் எல்லையும் கிடைக்கின்றது.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை அடுத்து அழுகையை வைத்தார். துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அவ்வுணர்ச்சிகளைத் தூய்மை செய்கின்றது என்றார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, 3,000க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, உடல்நலத்திலும் மனநலத்திலும் கலைகளுக்குப் பங்குண்டு எனக் கூறிற்று. உடலும் இதற்குச் சான்று. பாடும்போது மூச்சு மெல்ல நீண்டு வெளிவருகின்றது. அதனால் இதயத் துடிப்பு தணிகின்றது.

கலை மருத்துவத்திற்கு மாற்று அன்று என்பதையும் உணரவேண்டும். பல நாள் நீங்காத மனச்சோர்வு உடையவர் மருத்துவரை நாடுதல் கடன். 2022இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.

தேர்வில் தோல்வி, விடுதியில் தனிமை, நண்பனின் பிரிவு என மாணவர்க்கும் துயரங்கள் உண்டு. அவற்றை நெஞ்சில் பூட்டி வைத்தல் வீரம் ஆகாது. பாடுங்கள், வரையுங்கள், நாடகத்தில் நடியுங்கள். குரல் இனிமையாக இல்லையே என்று தயங்க வேண்டா. ஒப்பாரி பாடும் நம் சிற்றூர்ப் பெண்கள் பெரும்பாலும் இசைப்பள்ளிக்குச் சென்றவர் அல்லர். துயரை அடக்கி வைக்காது பாடத் தெரிந்தவர்கள் அவர்கள். நாம் அவர்களிடம் கற்கவேண்டியது அதுவே.